விசில் எத்தனை?

பெருநகரத்து ஓட்டல்களில் ஸ்டேக் ஆர்டர் செய்தால், சர்வர் பணிவாகக் குனிந்து கேட்பார்: “ரேரா, மீடியமா, வெல்டன்னா சார்?” அதாவது, உள்ளே சிவப்பாகவே இருக்கட்டுமா, இளஞ்சிவப்பா, இல்லை முழுக்க வேகணுமா? ‘வெல்டன்’ என்று சொல்லிவிட்டால் போச்சு. பக்கத்து டேபிள்காரர் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பார். டி.வி. சமையல் போட்டிகளிலும் இதே கதைதான். கறியை நடுவில் வெட்டி, ரோஜா நிறம் தெரியாவிட்டால் நடுவர் உதட்டைப் பிதுக்குகிறார். சரி, அது அவர்கள் ருசி. இதே கேள்வி மெதுவாக பர்கருக்கும் நகர்ந்து வருகிறதே, அதுதான் என் புகார். ஸ்டேக்குக்கு அது நாகரிகமாக இருக்கலாம். பர்கருக்கு அது விஷப்பரீட்சை.

ஏன் என்று சொல்வதற்கு முன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம். அங்கே சுந்தரபாண்டியத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையிலிருந்து பை வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி, “இளங்கறியா, முத்தலா?” பதிலைப் பொறுத்து குக்கரில் நாலு விசிலா, ஏழு விசிலா என்று முடிவாகும். மீடியம், ரேர் எல்லாம் அங்கே செல்லாது. விசில்தான் தெர்மாமீட்டர். விசிலடிக்கிற குக்கருக்குள் வெப்பம் கிட்டத்தட்ட 120 டிகிரி சென்டிகிரேட். வழக்கமாகக் கறியில் தொல்லை தரும் கிருமிகள் சிவலோகப் பதவி அடைய அது தாராளம்.

“நம்ம ஆளுங்க கறியை வேகவெச்சே கொன்னுடறாங்கப்பா” என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பாதி உண்மை. ஈரலை செருப்புத்தோல் ஆக்குவதிலும், கோழி நெஞ்சுக்கறியைத் தேங்காய் நார் ஆக்குவதிலும் நம்மை மிஞ்ச ஆளில்லை. ஆனால், ஆட்டுக்கறிக்கு அத்தனை விசில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையடிவாரத்தில் நாளெல்லாம் நடந்து மேய்ந்த ஆடு. காலையில் அறுத்தது மத்தியானம் இலைக்கு வந்துவிடுகிறது. நடந்த தசையில் கொலாஜன் என்கிற முரட்டுப் புரதம் அதிகம். ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அது இளகி ஜெலட்டின் ஆகும். ஸ்டேக்குக்கு எடுப்பதோ பெரும்பாலும் மாட்டின் முதுகுப் பக்கம், அதிகம் உழைக்காத தசை. அறுத்தபின் குளிரில் நாள்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்தியது. அதற்கு ஒரு சில நிமிடச் சூடு போதும். ஆக, வேக்காட்டுக்கும் நாகரிகத்துக்கும் சம்பந்தமில்லை. எந்த மிருகம், எந்தத் துண்டு என்பதுதான் கணக்கு.

பதம் பார்ப்பதும் நமக்குப் புதுசில்லை. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் கண்ணப்பர் என்ன செய்கிறார்? பன்றிக்கறியை அம்பில் கோத்துத் தீயில் வாட்டி, வாயில் போட்டு அதுக்கிப் பார்த்து, நன்றாக வந்ததைத்தான் காளத்தியப்பருக்குப் படைக்கிறார். சாமிக்கே சுவை பார்த்துப் பரிமாறியவர். அவர் வாட்டியதும் முழுத் துண்டு என்பதைக் கவனியுங்கள். விஷயம் இங்கேதான் இருக்கிறது.

முழுத் துண்டுக் கறியில் கிருமி இருந்தால், அது பெரும்பாலும் வெளிப்புறத்தில்தான் இருக்கும். அறுக்கும்போது குடலிலிருந்தும் தோலிலிருந்தும் மேலே ஒட்டுவது. கல்லில் போட்டு எல்லாப் பக்கமும் சுட்டால் அது முடிந்தது. உள்ளே சிவப்பாக இருந்தாலும் ஆபத்து குறைவு. அதே துண்டை மெஷினில் போட்டுக் கொத்தினால் வெளிப்புறமே உள்ளே போய்விடுகிறது. மேலே இருந்த கிருமி நட்டநடுவில் சொகுசாக உட்கார்ந்துகொள்ளும். பெரிய தொழிற்சாலை என்றால், ஒரே பர்கருக்குள் பல மாடுகளின் கறி வேறு. ஊசியால் குத்தி மிருதுவாக்கிய ஸ்டேக்குக்கும் இதே விதிதான்.

இதற்கு அமெரிக்கா கொடுத்த விலை பெரிது. 1993-ன் தொடக்கத்தில், வாஷிங்டன் மாநிலத்தையும் சுற்றுப்புற மாநிலங்களையும் சேர்ந்த 700-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். ஜாக் இன் தி பாக்ஸ் என்ற கடைகளில் சரியாக வேகாத பர்கர் சாப்பிட்டவர்கள்தான் அதில் பெரும்பாலோர். நான்கு குழந்தைகள் இறந்தன. குற்றவாளி, ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. மாட்டின் குடலில் சாதுவாக இருக்கும். மாட்டை ஒன்றும் செய்யாது. குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். கொடுமை என்னவென்றால், வாஷிங்டன் மாநில விதி 68 டிகிரி கேட்டது. கடைக்காரர்கள் பழைய மத்திய விதியின் 60 டிகிரியோடு நிறுத்திக்கொண்டார்கள். எட்டு டிகிரி வித்தியாசம்!

இன்று அமெரிக்க விவசாயத் துறை சொல்லும் கணக்கு இது. முழுத் துண்டு மாட்டுக்கறிக்கு நடுவில் 63 டிகிரி, பிறகு மூன்று நிமிட ஓய்வு. கொத்துக்கறிக்கு 71. கோழிக்கு, கொத்தினாலும் கொத்தாவிட்டாலும், 74.

“நிறத்தைப் பார்த்தே நான் சொல்லிடுவேன் சார்” என்பார் மாஸ்டர். நம்பாதீர்கள். கறியின் சிவப்பு ரத்தம் அல்ல, மயோகுளோபின் என்ற புரதம். அது சில சமயம் சீக்கிரமே பழுப்பாகிவிடும். நாலு பர்கரில் ஒன்று, போதுமான சூடு ஏறும் முன்பே நடுவில் பழுத்துவிடுகிறது என்று அதே துறை எச்சரிக்கிறது. கண் ஏமாற்றும், தெர்மாமீட்டர் ஏமாற்றாது.

“பிரான்சில் கொத்திய மாட்டுக்கறியைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்களே?” சாப்பிடுகிறார்கள். நல்ல முழுத் துண்டை அப்போதே நறுக்கி அப்போதே பரிமாறுவது அங்கே வழக்கம். பிரிட்டனில் முழுசாக வேகாத பர்கர் விற்க வேண்டுமென்றால், கறி எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்தே நிபந்தனைகள் ஆரம்பிக்கின்றன. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல், மெனு கார்டை மட்டும் இறக்குமதி செய்வது என்ன நியாயம்?

பர்கருக்குள் வைக்கும் கறி வடைக்கு ‘பாட்டி’ என்று பெயர். நம்மூர்ப் பாட்டிகளைக் கேட்டிருந்தால் இந்தப் பிரச்னையே வந்திருக்காது. கோலா உருண்டை என்ன? அதுவும் கொத்துக்கறிதான். பல வீடுகளில் கொத்துக்கறியை முதலில் வதக்கி வேகவைத்து, பொட்டுக்கடலையோடு அரைத்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னதாக உருட்டி, எண்ணெயில் இன்னொரு முறை பொரிக்கிறார்கள். சின்ன உருண்டை என்பதால் நடுவரை சூடு பாயும். கிருமியின் பெயர் தெரியாமலே பழகிய பக்குவம் அது. மசாலாவும் கொழுப்பும் இருப்பதால் முழுசாக வெந்தும் வறண்டுபோவதில்லை. ருசிக்காகத்தான் பர்கரைப் பாதி வேகவைக்கிறோம் என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1996-ல் டெல்லியில் மெக்டொனால்ட்ஸ் வந்தபோதே மாட்டுக்கறி இல்லாமல்தான் வந்தது. நம் பிள்ளைகள் கடிக்கும் பர்கர் பெரும்பாலும் கோழி. கோழியில் மீடியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் பர்கர் வாங்கும்போது “முழுசா வேகட்டும்” என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஸ்டேக்கில் உங்கள் வீரத்தைக் காட்டிக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. குழந்தைக்கு வாங்குகிற பர்கர் என்றால் மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.