கிரீடம் இறங்கிச் சிங்கம் ஏறிய தோள்கள்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணையாக இருக்கும் இடம், 1824-இல் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஓசூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டரில், பெங்களூர் அல்சூர் ஏரியை ஒட்டி, 1780-இல் பிறந்த மதராஸ் சேப்பர்ஸ் படையின் தலைமையகம். பட்டாளத்துக்கு இவ்வளவு அருகில் உள்ள ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளின் தகரப் பெட்டிகளில் தொப்பி வில்லையும் பித்தளைப் பொத்தானும் பதக்கமும் இருப்பது இயல்பு. ஓட்டு வீடுகள் அடுக்குமாடிகளாகும் வேகத்தில் அவை எடைக்குப் போகின்றன. உலோகத்துக்காவது விலை கிடைக்கிறது. கூடவே இருந்த புகைப்படம் குப்பைக்குப் போகிறது. பழைய பட்டாளப் பொருள்களைச் சேர்ப்பவர் முதலில் காப்பாற்ற வேண்டியது அந்தப் படத்தைத்தான் என்பேன். வில்லை எந்தப் படை என்று சொல்லும். அதை யார் அணிந்தார், எந்தப் பதவியில், எந்தக் காலத்தில் என்பதைப் படம்தான் சொல்லும்.

வில்லையிலும் காலம் பதிந்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். விக்டோரியா காலத்துக் கிரீடத்தின் மேல்வளைவுகள் நடுவில் சற்றே அமுங்கியிருக்கும். 1901-க்குப் பின் வந்த மன்னர்களின் கிரீடமோ நடுவில் அமுங்காமல் உருண்டு எழும். 1952-க்குப் பிறகு பிரிட்டனில் அந்த நடுப்பள்ளம் திரும்பி வந்தது; இந்தியாவோ 1950-இல் குடியரசாகிக் கிரீடத்தை இறக்கி அசோகச் சிங்கங்களை ஏற்றியிருந்தது. ஆகவே எலிசபெத் காலக் கிரீடத்தோடு ஓர் இந்தியப் படை வில்லை விற்பனைக்கு வந்தால், அது பின்னாளில் வார்த்த போலி. ஆனால் போலி செய்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். சரியான கிரீடத்தை வைத்தே வார்த்துவிடுவார். அசாயே யானை பொறித்த மதராஸ் ரெஜிமென்ட் வில்லையை, அது நினைவூட்டும் 1803-ஆம் ஆண்டு அசாயே போர் வரை கதை சேர்த்து விற்க முடியும். ஒரே மனிதர் 1946-இல் கிரீடத்தோடும் 1951-இல் சிங்கத்தோடும் நிற்கும் இரண்டு படங்களை அப்படி வார்த்தெடுக்க முடியாது.

படம் பொய் சொல்லாதா? சொல்லும், அது எந்த இடத்தில் பொய் சொல்லும் என்பதை அறிவதுதான் இந்த ரசனையின் பயிற்சி. கையால் வண்ணம் தீட்டிய படத்தில் பதக்க நாடாவின் நிறத்தை நம்பக் கூடாது. பழைய கறுப்பு வெள்ளைத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பை உணராதவை; அவற்றில் சிவப்பு கறுத்தும் நீலம் வெளுத்தும் விழும். முதல் உலகப் போரின் வெற்றிப் பதக்க நாடா இரட்டை வானவில். அதன் நடுவே ஓடும் சிவப்பு அத்தகைய படத்தில் கரும்பட்டையாகத் தெரியும், ஓரத்து ஊதா மங்கிவிடும். இதை அறியாதவர் வேறு பதக்கம் என்று முடிவு கட்டுவார். அறிந்தவர் படத்தை உண்மையான பதக்கத்தோடு ஒப்பிட்டு, அதன் விளிம்பில் பொறித்த எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் படிப்பார். விளிம்பு பெயர் தருகிறது, படம் முகம் தருகிறது. இரண்டும் பொருந்தும்போது அடையாளம் உறுதிப்படுகிறது.

அந்நிய அரசின் சின்னங்களை ஏன் போற்ற வேண்டும் என்ற எதிர்ப்பு இவற்றினும் கனமானது. கிரீடத்தைப் போற்றச் சொல்லவில்லை. 1944 பிப்ரவரியில் இத்தாலியில், உடனிருந்தவர்களைக் காக்கக் கண்ணிவெடி மேல் தன் உடலைக் கிடத்தி உயிர்விட்ட மதராஸ் சேப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியனுக்கு அளித்த ஜார்ஜ் சிலுவை பிரிட்டிஷ் அரசுடையது. அந்தத் துணிவு நம் மண்ணுடையது. சின்னத்தை வெறுத்து எறிந்தால், அதைத் தாங்கியவரின் வாழ்வுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சியும் சேர்ந்தே போகிறது. அவர் பெயராவது ஏடுகளில் ஏறியது; அப்படி ஏறாத ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு வீட்டுப் படமே வரலாறு.

எனவே சேர்ப்பவரின் கடமை தெளிவானது. ஒரு வீட்டுப் பெட்டியில் வந்தவற்றைப் பிரித்து விற்கக் கூடாது. பித்தளையைப் பளபளக்கத் தேய்த்து எழுத்தை அழிக்கக் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயரையும் ஊரையும் படத்தின் பின்புறம் மெல்லிய பென்சிலால் குறிக்க வேண்டும். அரிய வில்லை ஒன்றைத் தனியே வைத்திருப்பவரைவிட, பெயர் தெரிந்த நாயக் பதவியில் இருந்த ஒரு சாதாரணச் சிப்பாயின் படத்தையும் பொத்தானையும் பிரியாமல் வைத்திருப்பவரே நல்ல சேகரிப்பாளர்.