ஜெயிச்சவங்ககிட்ட மட்டும் கேட்டால்

சிவில் சர்வீசஸ் தேர்வு முடிவு வந்த மறுநாளே யூடியூபில் டாப்பர் பேட்டி சீசன் தொடங்கிவிடும். பின்னால் ஒரு புத்தக அலமாரி, முன்னால் ஒரு மைக், கழுத்தில் இன்னும் வாடாத மாலை. கேள்விகளும் பெரிதாக மாறாது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிச்சீங்க? எந்தெந்தப் புத்தகம்? போனை என்ன பண்ணினீங்க? புதுசா எழுதப்போறவங்களுக்கு என்ன சொல்ல விரும்புறீங்க? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: விடாமுயற்சி.

இந்தப் பேட்டிகளைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். ஒரு மனிதரின் கதையாகப் பார்த்தால் எனக்குப் பெரிய புகார் இல்லை. பல பேட்டிகள் நிஜமாகவே நெகிழ வைக்கின்றன. அப்பா கூலி வேலை, அரசுப் பள்ளி, கடன் வாங்கிப் படிப்பு, அஞ்சாவது தடவையில் வெற்றி. பொய் ஒன்றும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பார்ப்பவர்களில் பலர் இதைக் கதையாகப் பார்ப்பதில்லை. இன்னும் ஒரு வருஷம் போடலாமா, கையில் இருக்கும் வேலையை விடலாமா என்ற முடிவுகளுக்கு ஆதாரமாகப் பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு இந்த வடிவம் லாயக்கில்லை என்பதுதான் இந்தப் பதிவின் வாதம்.

ரோமானிய எழுத்தாளர் சிசரோ ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தியாகோரஸ் என்ற கிரேக்கருக்கு நாத்திகர் என்று பேர். அவரை ஒரு நண்பர் கோயிலுக்குக் கூட்டிப்போய், புயலில் தப்பிப் பிழைத்தவர்கள் நேர்த்திக்கடனாக மாட்டிய படங்களைக் காட்டுகிறார். இத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறாரே, இன்னுமா கடவுளை நம்பவில்லை என்று கேட்கிறார். கடலில் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கேயும் மாட்டப்படவில்லையே என்பதுதான் தியாகோரஸின் பதில்.

கடவுள் விவகாரத்தை விட்டுவிடுவோம். சென்னை அண்ணா நகரில் பயிற்சி மையங்கள் இருக்கும் தெருக்களில் நடந்துபோனால் எனக்கு அந்தக் கோயில் சுவர்தான் நினைவுக்கு வரும். வரிசையாக முகங்கள், கீழே ரேங்க். மூழ்கியவர்களின் படத்தை யார் ஃபிளெக்ஸ் அடிப்பார்கள்?

இப்போது பேட்டியில் வரும் ஆலோசனைகளை எடுத்துக்கொள்வோம். என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களைக் கரைத்துக் குடியுங்கள், தினமும் பேப்பர் படியுங்கள், மாதிரித் தேர்வு எழுதுங்கள். எல்லாம் நல்ல ஆலோசனைதான். ஆனால் ஓர் ஆலோசனையின் மதிப்பைத் தெரிந்துகொள்ள ஜெயித்தவர் அதைச் செய்தாரா என்று மட்டும் கேட்டால் போதாது. தோற்றவரும் அதையேதான் செய்தாரா என்றும் கேட்கணும். பயிற்சி மையத்து நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதே புத்தகத்தை அதே பத்து மணி நேரம் படித்தவரும் இருக்கிறார். அவரிடம் யாரும் மைக் நீட்டவில்லை. இருவருக்கும் பொதுவான ஒரு பழக்கம், ஒருவர் ஏன் ஜெயித்தார் என்பதை விளக்காது. அது தேர்வுக்குள் நுழைவதற்கான குறைந்தபட்சத் தகுதி, அவ்வளவுதான்.

இன்னொன்று. தன் வெற்றிக்கு எது காரணம் என்று டாப்பருக்கே எப்படித் தெரியும்? இறுதிப் பட்டியல் 2025 மதிப்பெண்ணுக்கு. மெயின்ஸ் 1750, நேர்முகத் தேர்வு 275. முதலிடம் பிடிப்பவரே அண்மை ஆண்டுகளில் 1100-ஐ ஒட்டித்தான் வாங்குகிறார். அதற்குக் கீழே நெருக்கடி. கட்டுரை விடையைத் திருத்துபவர், நேர்முகத் தேர்வு போர்டு, அன்றைய உடம்பு, பழகிய தலைப்பில் விழுந்த ஒரு கேள்வி என்று பல விஷயங்கள் சில மதிப்பெண்களை அங்கே இங்கே நகர்த்தும். அந்தச் சில மதிப்பெண்களே ஐ.ஏ.எஸ்.ஸா, வேறு பணியா, ஒன்றுமே இல்லையா என்று பிரித்துவிடும். அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த இடம் வரை வர உழைப்பும் திறமையும் கட்டாயம் வேண்டும். ஆனால் முடிவு தெரிந்த பிறகு திரும்பிப் பார்க்கும்போது எல்லாமே திட்டமிட்ட மாதிரி தெரியும். பேட்டி என்ற வடிவம் அந்தத் தோற்றத்தைக் கெட்டிப்படுத்துகிறது.

இந்த வடிவத்தின் வியாபார முகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. 2022-ஆம் ஆண்டுத் தேர்வில் யு.பி.எஸ்.சி. பரிந்துரைத்தவர்கள் 933 பேர். பயிற்சி நிறுவனங்கள் விளம்பரங்களில் எங்கள் மாணவர்கள் என்று உரிமை கொண்டாடிய எண்ணிக்கைகளைக் கூட்டினால் அது 933-ஐ எங்கேயோ தாண்டியது. ஆணையம் விசாரித்தபோது, அப்படிக் காட்டப்பட்டவர்களில் பலர் மாதிரி நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்கு மட்டும் வந்தவர்கள் என்று தெரிந்தது. பிரிலிம்ஸும் மெயின்ஸும் அவர்கள் வேறு வழியில் தாண்டியவை. பல நிறுவனங்களுக்கு அபராதம் விழுந்தது. 2024 நவம்பரில் பயிற்சித் துறை விளம்பரங்களுக்கென்றே தனி வழிகாட்டு நெறிகள் வந்தன. ஒருவர் படத்தைப் போட்டால் அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், எத்தனை காலம், பணம் கட்டியா இலவசமா என்பதையும் சொல்லணும். தேர்வான பிறகு அவருடைய எழுத்துபூர்வ சம்மதமும் வாங்கணும்.

சரி, மூழ்கியவர்களைக் கணக்கில் எடுத்தால் படம் எப்படி இருக்கும்? 2023-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850. பிரிலிம்ஸ் எழுதியவர்கள் 5,92,141. மெயின்ஸுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624. நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் 2,855. பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016. எழுதியவர்களில் கிட்டத்தட்ட 583 பேருக்கு ஒருவர்.

இந்த 583-ஐத் தூக்கி ஒருவர் முகத்தில் எறிவதும் விமர்சன சிந்தனை இல்லை. அதுவும் சோம்பேறித்தனம்தான். எழுதியவர்களில் சும்மா போய் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. நாம் எந்தக் கூட்டத்தோடு நம்மை ஒப்பிடணும் என்பதுதான் கேள்வி. மெயின்ஸ் எழுதும் தகுதி பெற்றவருக்குக் கணக்கு சுமார் 14-க்கு ஒன்று. நேர்முகத் தேர்வு வரை போனவருக்கு 3-க்கு ஒன்றைவிடக் கொஞ்சம் மேல். ஆக, ரெண்டு தடவை நேர்முகத் தேர்வு வரை போய்த் தோற்றவரும், நாலு தடவை பிரிலிம்ஸிலேயே நின்றவரும் ஒரே மாதிரி தோற்றவர்கள் இல்லை. அவர்கள் கையில் இருக்கும் ஆதாரம் வேறு வேறு. பேட்டியோ ரெண்டு பேருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது: விடாதே.

இந்த "விடாதே"வுக்கு ஒரு விலை உண்டு. அதை அளந்து பார்த்த ஓர் ஆய்வு, நம்ம ஊரைப் பற்றியே இருக்கிறது. 2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு புதிய ஆட்சேர்ப்பைப் பகுதியளவு நிறுத்தி வைத்தது. பணியிடங்கள் குறைந்தால் இளைஞர்கள் வேறு வேலை தேடிப் போவார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? பொருளியலாளர் குணால் மங்கல் கண்டது நேர் எதிர். பட்டதாரிகள் தேர்வுக்குப் படிக்கும் காலத்தை நீட்டினார்கள். தடை நீங்கிப் பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும், அதில் அதிகம் மாட்டிய வயதினரின் வருமானம் குறைவாகவே இருந்தது. அதாவது, தேர்வுக்குப் படித்த காலம் வேறு வேலைக்கான தகுதியாக மாறவில்லை என்று அவர் முடிவுக்கு வருகிறார். "படிச்சது எப்படியும் வீண் போகாது" என்று வீட்டில் சொல்வோமே, அதை இனி கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லணும்.

அப்படியென்றால் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாம் யோசிக்கத் தெரியாதவர்களா? இல்லவே இல்லை. தனியாரில் பதினைந்தாயிரம் சம்பளம், நாளைக்கு இருக்குமா என்று தெரியாத வேலை. இந்தப் பக்கம் நிரந்தரச் சம்பளம், இடஒதுக்கீடு ஒழுங்காக நடைமுறையில் இருக்கும் இடம், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மரியாதை, பெண்களுக்குப் பேறுகால விடுப்பு. 2022-இல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குச் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். முதலில் அறிவித்த பணியிடங்கள் 7,301. அந்த 22 லட்சம் பேரும் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. வெளியே என்ன கிடைக்கிறது என்று தெரிந்துதான் உள்ளே வருகிறார்கள். ஜூலையில் எழுதிய அந்தத் தேர்வின் முடிவு அடுத்த மார்ச்சில்தான் வந்தது. அந்த எட்டு மாதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன மாதம் என் சித்தப்பா பையன் போன் பண்ணினான். "அண்ணே, நாலு தடவை எழுதிட்டேன். பிரிலிம்ஸே தாண்டல. இன்னொரு அட்டெம்ப்ட் போகட்டுமா?" வீட்டில் எல்லோரும் ஏதாவது ஒரு டாப்பரின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நான் கதை சொல்லவில்லை, பதிலும் சொல்லவில்லை. சில கேள்விகள் கேட்டேன். நாலு தடவையும் மார்க் ஏறுமுகமா, அப்படியே நிக்குதா? "மூணாவதுல கட்-ஆஃப் கிட்ட வந்தேன். நாலாவதுல இறங்கிடுச்சு." இந்தத் தடவை எதை மாத்திப் படிக்கப் போற? கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. கிடைக்கலைன்னா அடுத்த ஜூன்ல உன் கையில் என்ன இருக்கும்? "அதை யாருமே கேக்கலண்ணே."

அவன் எழுதக் கூடாது என்பது என் கருத்து இல்லை. வேலையில் சேர்ந்துகொண்டே ஒரு தடவை எழுதப் போகிறான். ஆனால் இந்தத் தடவை தேர்வுக்கு முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறான்: இத்தனை மார்க்குக்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்வேன். முடிவு வந்த பிறகு இதை எழுத முடியாது. இன்னும் ரெண்டு கேள்வி சரியாகப் போட்டிருந்தால் போதும் என்று மனசு பேரம் பேசும். பொதுப் பிரிவுக்கு 32 வயது, ஆறு வாய்ப்பு. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, ஒன்பது வாய்ப்பு. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 37, அந்த வயதுக்குள் எத்தனை தடவை வேண்டுமானாலும். அரசு விதி எங்கே வெளியே போகணும் என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அது உச்ச வரம்பு. உங்களுக்குப் பொருந்தும் வரம்பு அதற்கு முன்னாலேயே இருக்கலாம், அதை நீங்கதான் போடணும்.

நேர்முகத் தேர்வு வரை வந்து பட்டியலில் இடம் கிடைக்காதவர்களில் சம்மதிப்பவர்களின் விவரங்களை, வேலை தருபவர்கள் பார்க்கும்படி யு.பி.எஸ்.சி. சில ஆண்டுகளாகவே வெளியிடுகிறது. இப்போது அதற்குப் பிரதிபா சேது என்று பேர். கிடைக்காதவர்களிடமும் திறமை இருக்கிறது என்று தேர்வு நடத்தும் அமைப்பே ஒப்புக்கொள்கிறது. நம் சேனல்களுக்குத்தான் அது இன்னும் எட்டவில்லை.

எனக்கு ஒரு பேட்டித் தொடர் பார்க்க ஆசை. மூணு, நாலு வருஷம் எழுதிவிட்டு நிறுத்தியவர்கள். எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரிஞ்சது? வீட்டில் எப்படிச் சொன்னீங்க? முதல் வேலை எப்படிக் கிடைச்சது? அந்த வருஷங்களில் படிச்சதில் எது கை கொடுத்தது, எது கொடுக்கலை? மாலை, பின்னணி இசை எதுவும் வேண்டாம். யாராவது எடுத்தால் லிங்க் அனுப்புங்க. எங்க சித்தப்பா பையனுக்கு முதலில் அதைத்தான் அனுப்புவேன்.