காடு திருத்திய பெருமையும் திணைவாழ்வின் பெருமையும்: மலேசியத் தமிழ்ப் புதினங்களை முன்வைத்து

தமிழியல் மாநாடுகளில் சூழலியல் பேசும் கட்டுரைகளுக்கு ஏறத்தாழ நிலையானதோர் அமைப்பு உருவாகிவிட்டது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் தொடங்கி, ஐந்நில வாழ்வில் மாந்தரும் மாவும் மரமும் இயைந்து நின்றமையை எடுத்துக்காட்டி, இன்றைய உலகு இழந்துவிட்ட இசைவை அங்கே கண்டு முடிவது அவ்வமைப்பு. அதே மாநாடுகளில், பல வேளைகளில் அடுத்த அரங்கிலேயே, புலம்பெயர்ந்த தமிழர் வரலாறு பேசப்படுகிறது. மலேசியாவைப் பற்றிய அமர்வாயின் அங்கு ஒலிக்கும் கூற்று வேறு: காடாய்க் கிடந்த நாட்டைத் திருத்தி வளநாடாக்கியவர்கள் தமிழர் என்பது அது. முதல் அரங்கில் தமிழர் காட்டோடு இயைந்தவர். இரண்டாம் அரங்கில் காட்டை வென்றவர். இவ்விரு கூற்றுகளும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. மலேசியத் தமிழ்ப் புதினங்களைக் கருத்தூன்றிப் படிப்பவர் அச்சந்திப்பைத் தவிர்க்க இயலாது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இரண்டாம் கூற்றை வெறும் தற்பெருமையாகக் கொள்வது பிழை. 1957இல் மலாயா விடுதலை பெற்றபின்னரும் குடியுரிமை கைகூடாமல் நின்ற தோட்டத் தொழிலாளர் பலர். 1969க்குப் பின் வேலை உரிமம் இன்றி அவர்கள் தோட்டத்தில் பணியாற்ற முடியாத நிலை வந்தது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணைவிட்டுக் கப்பலேறியவர்களும் உண்டு. அந்நிலையில் 'நாங்கள் இந்நாட்டை வளப்படுத்தியவர்கள்' என்பது ஒரு விண்ணப்பம். ஆயினும் அவ்விண்ணப்பம் எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்பதை நோக்க வேண்டும். காட்டை அகற்றியவருக்கு நிலத்தின்மேல் உரிமை என்பது குடியேற்ற அரசு வகுத்த அளவுகோல். அதே அளவுகோலின்படி, காட்டை அகற்றாமல் அதற்குள் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்களுக்கு உரிமை இல்லை. அவர்களுக்கென இயற்றப்பட்ட 1954ஆம் ஆண்டுச் சட்டம், அரசு விரும்பும்வரை தங்கியிருக்கும் குடியிருப்பாளர் என்ற நிலைக்குமேல் அவர்களை உயர்த்தவில்லை. தமிழர் தம் உரிமைக்காக எடுத்த சொல், பிறிதொரு மக்களின் உரிமையின்மைக்கும் சான்றாகிவிடுகிறது. இதைச் சுட்டுவது தமிழ்த் தொழிலாளரைக் குறைகூறுவதாகாது. அவர்கள் பேச நேர்ந்த மொழியின் எல்லையைச் சுட்டுவதாகும்.

வரலாற்று நிலையிலும் இக்கூற்றுக்குச் சிறு திருத்தம் தேவை. 1877இல் தென்கிழக்காசியாவுக்கு வந்த ரப்பர் நாற்றுகள், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லியின் முயற்சியால் பெருவணிகப் பயிராயின. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் தோட்டங்கள் பெருகியபோது பெருமரங்களை வீழ்த்தும் பணி பல இடங்களில் சீன, ஜாவானிய, மலாய்க் குத்தகைக் குழுக்களிடமே இருந்தது. களையெடுத்தல், வடிகால் வெட்டுதல், பால்மரம் சீவுதல், சாலையும் இருப்புப்பாதையும் இடுதல் ஆகியவை தமிழர் பங்கு. அதாவது, காட்டை ஒருமுறை வெட்டியவர்களைவிட, அது மீண்டும் முளைக்காதபடி நாள்தோறும் தடுத்தவர்களாகவே அவர்கள் இருந்தனர். தோட்டத்தில் அவ்வேலைக்கு வழங்கிய பெயர் வெளிக்காட்டு வேலை. அச்சொல்லில் காடு இன்னும் எஞ்சியிருப்பது கவனிக்கத்தக்கது.

காடு என்ற சொல்லே இங்குத் தனி ஆய்வுக்குரியது. அகிலன் மலேசியத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பற்றி எழுதிய புதினத்துக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டார். தமிழகத்திலிருந்து சென்று பார்த்த ஒருவரின் கண்ணுக்கு, வரிசை வரிசையாக நின்ற ஒரே இன மரங்கள் காடாகத் தோன்றியதில் வியப்பில்லை. தோட்டத்தவர்க்கோ அது நிரை நிரையாகப் பிரித்து எண்ணப்பட்ட வேலைக்களம்; ஒருவருக்கு இத்தனை மரம் என்ற கணக்கு. ஆயின் அகிலனின் பார்வையே இன்று அனைத்துலகப் புள்ளிவிவரத்தின் பார்வையாகவும் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு தன் வன மதிப்பீடுகளில் ரப்பர்த் தோட்டங்களைக் காட்டுப் பரப்பில் சேர்த்தே கணக்கிடுகிறது, செம்பனையைச் சேர்ப்பதில்லை. நிலப்பரப்பில் பாதியளவேனும் காடாக வைத்திருப்பதாக மலேசியா 1992இல் ரியோ மாநாட்டில் உறுதியளித்தது. நிலையான வன ஒதுக்கீடுகளுக்குள்ளேயே இயற்கைக் காட்டை நீக்கி, மரத்துக்கென ரப்பர் உள்ளிட்டவற்றை நடும் திட்டங்கள் பின்னர் வந்தன. நட்ட பின்னரும் சட்டத்தின் கண்ணில் அது வன ஒதுக்கீடே. புதினத் தலைப்பில் கற்பனையழகாக இருந்த உருவகம் அரசேட்டில் எண்ணாக மாறும்போது புலிக்கு அதனால் பயனில்லை. ஓர் உருவகம் எவ்விடத்தில் பொய்யாகிறது என்று கேட்பது திறனாய்வின் பழைய தொழில். அக்கேள்வியைச் சூழலியல் திறனாய்வு இச்சொல்லின்மீது எழுப்பியிருக்க வேண்டும்.

பேரழிவு இலக்கியத்தின் காடு முற்றிலும் வேறு. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய புதினங்கள், 1942–43இல் ஜப்பானியர் இட்ட 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்காகத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் கதையைச் சொல்கின்றன. இவற்றைத் திணைநோக்கில் ஆராய முற்படுவோர்க்குப் பாலை என்ற சொல் உடனே கைகொடுக்கும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் எனும் சிலப்பதிகாரக் கருத்தும் துணைக்கு வரும். ஆனால் இது எளிதில் கிட்டும் விடை, ஆகவே ஐயத்துக்குரியது. சயாம்–பர்மா எல்லைக் காடு வறண்டு திரியவில்லை. மழை பெய்தது, ஆறு பெருகியது, மூங்கில் செழித்தது. திரிந்தது நிலமன்று, ஆட்சி. வாந்திபேதியும் மலேரியாவும் கொன்றது, உணவும் மருந்தும் மறுக்கப்பட்ட உடல்களை. அத்துயரைப் பாலை என்று பெயரிட்டால், போர் நடத்திய அரசின் செயல் பருவத்தின் செயலாகிவிடும்.

கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' இவ்வாய்வுக்கு மிக நெருங்கிய நூல். பகாங் மாநில நிலத்திட்டம் ஒன்றில் தமிழ்த் தொழிலாளர் கொத்தடிமைகளாக்கப்பட்ட உண்மை நிகழ்வு அதன் கரு. 1956இல் அமைக்கப்பட்ட கூட்டரசு நில மேம்பாட்டு வாரியமாகிய பெல்டா, 1958இல் பகாங்கின் லூரா பீலூட்டில் தன் முதல் குடியேற்றத்தைத் தொடங்கியது; 1971இன் புதிய பொருளாதாரக் கொள்கைக்குப் பின் அதன் வேகம் பன்மடங்காயிற்று. வறுமை ஒழிப்பு என்ற அளவில் அது பெருஞ்சாதனை என்பதை மறுக்க முடியாது. நிலமற்ற குடும்பங்கள் நிலமுடையோராயின. அதற்கு விலையானது தாழ்நிலப் பெருமரக் காடு. தீபகற்பத்தின் காட்டு வகைகளுள் உயிரினச் செறிவில் முதன்மையானது அதுவே. உழவுக்கு எளிய நிலமும் அதுவே என்பதால் முதலில் அழிந்தது. 1938–39இல் வரையறுக்கப்பட்டு இன்று தாமான் நெகாரா எனப்படும் 4,343 சதுர கிலோமீட்டர்ப் பூங்காவுக்கு வெளியே, அத்தகைய காடு துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது.

புண்ணியவானின் புதினம் உழைப்புச் சுரண்டலின் ஆவணமாக வாசிக்கப்படுகிறது. அது முறையான வாசிப்பே. ஆயினும் பாதி வாசிப்பு. குடியுரிமைச் சிக்கலில் தவித்தவர்களை அத்தகைய இடத்தில் நிறுத்தி வைக்க முள்வேலி தேவைப்படவில்லை. தொலைவே காவல். புதிதாகத் திறக்கப்பட்ட நிலம் ஊர்களிலிருந்தும் சாலைகளிலிருந்தும் விலகியிருந்தமையே அக்கொடுமையைச் சாத்தியமாக்கியது. காட்டழிப்பும் கொத்தடிமையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாய் இருந்தன. ஒன்றை வளர்ச்சித்துறையும் மற்றொன்றைக் காவல்துறையும் தனித்தனியே பதிவுசெய்தன. புதினம் ஒன்றே இரண்டையும் ஒரே நிலத்தில் நிறுத்துகிறது.

இங்குத் திணைக்கோட்பாட்டை ஒதுக்கிவிட வேண்டும் என்பது முடிவன்று. தனிநாயகம் அடிகள் சங்கக் கவிதையின் நிலக்காட்சியை ஆராய்ந்து எழுதிய நூல் 1966இல் மறுபதிப்பானது. அதே ஆண்டில் அவர் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் கூடியது. பெல்டாவின் காடுவெட்டு நடந்துகொண்டிருந்த நாட்டில் அம்மாநாடு கூடியது தற்செயல். அதற்காக எவரையும் குறைகூறுவதற்கில்லை. அடுத்த தலைமுறை அந்நூலின் வழியில் சென்றபோது தேர்ந்தெடுத்தவையே கேள்விக்குரியவை. கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, மா, மரம், புள், பறை, யாழ் ஆகியவற்றோடு தொழிலும் இருக்கிறது. விலங்கையும் மரத்தையும் எடுத்துக்கொண்ட சூழலியல் திறனாய்வு, தொழிலை அருகிலேயே விட்டுச் சென்றது. பட்டியலைச் செய்தவருக்கோ விலங்கும் உழைப்பும் ஒரே வரிசையில் வைக்கத்தக்கவையாய் இருந்தன.

அப்பட்டியலைத் தோட்டத்தின்மீது பொருத்திப் பார்த்தால் அது உடைகிறது. உடையும் இடமே பயனுடையது. மரம் அமேசானிலிருந்து வந்தது. முதல் இலண்டனிலிருந்து வந்தது. உழைப்பும் முனீஸ்வரரும் தமிழகத்திலிருந்து வந்தனர். உணவுக்கான அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலும் சயாமிலும் விளைந்தது. அம்மண்ணுக்குரியதாய் எஞ்சியது நிரையின் கடைசி மரத்துக்கு அப்பால் நின்ற காடும், அங்கிருந்து வந்த பன்றியும் யானையும் புலியும் மட்டுமே. முதற்பொருளோடு கருப்பொருள் பொருந்தாத நிலத்துக்குத் திணைப்பெயர் இல்லை. பெயரில்லை என்று ஒப்புக்கொள்வதே அங்குத் திறனாய்வாளரின் முதற்பணி.

இது பழங்கதையன்று. 1950களில் ஏறத்தாழ 3,000 எனக் கருதப்பட்ட மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என 2022இல் அறிவிக்கப்பட்டது. சுமத்திராக் காண்டாமிருகம் 2019இல் மலேசியாவில் முற்றாக மறைந்தது. சிதறிய காடுகளை இணைக்கும் மத்திய வன முதுகெலும்புத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. மெராப்போ அருகே சுங்கை யூவில் விலங்குகள் அடியில் கடந்துசெல்ல மேம்பாலச் சாலை எழுந்தது. பாலம் கூட்டரசால் கட்டப்படக்கூடியது. பாலத்தின் இருபுறக் காடும் மாநிலத்துக்குரியது. நிலமும் வனமும் அரசியலமைப்பின்படி மாநில அதிகாரம். மரமும் நிலமும் மாநிலத்தின் வருவாய். காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு 2019இல் ஒதுக்கத் தொடங்கிய 60 மில்லியன் ரிங்கிட், 2024இல் 200 மில்லியனாக உயர்ந்தது. ஒரு பெருநிலத் திட்டம் தரும் வருவாயோடு ஒப்பிட இது இன்னும் சிறு தொகையே.

வனவிலங்குப் பாதுகாப்பையும் வளர்ச்சியையும் சமன்செய்தல் என்ற வழக்கமான தொடர், இரு தட்டுடைய தராசைக் கற்பிக்கிறது. காட்டின் விளிம்பில் வாழ்வோர்க்கு அத்தராசில் தட்டில்லை. யானைகள் ஒதுக்கீட்டின் அடர்ந்த நடுப்பகுதியைவிட, வெட்டப்பட்டு மீண்டும் தழைக்கும் விளிம்புகளையே நாடுகின்றன என்பது தீபகற்பத்தில் நடந்த ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. அதாவது, தோட்டத் தொழிலாளி நிற்கும் இடத்தையே அவையும் விரும்புகின்றன. 2023இல் கிளந்தானின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி இறந்தவர்களுள் ஓராங் அஸ்லியும் இருந்தனர், வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளரும் இருந்தனர்.

அவ்விளிம்பில் தமிழர் இன்று பெரும்பாலும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், நகர்ப்புறமாகியும் போயின. 1960இல் சம்பந்தன் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் சிலவற்றையே வாங்கிக் காக்க முடிந்தது. நகருக்கு இடம்பெயர்ந்த தமிழ்ப் பள்ளிகளுள் பல இன்னும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பொழுது விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குள் நுழைபவர் இப்போது இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். தமிழர் நூறாண்டு நின்ற அந்த இடத்தில் அவர்கள் எதைக் கண்டனர், எதற்கு அஞ்சினர், எதை விலங்கென்றும் எதைக் காடென்றும் அழைத்தனர் என்பதற்கான சான்று, வனத்துறைக் கோப்புகளைவிட இப்புதினங்களிலும், இன்னும் பதிவுசெய்யப்படாத முதிய தொழிலாளரின் வாய்மொழியிலுமே மிகுதியாக இருக்கிறது. அவர்களுள் இளையோர்க்கும் இப்போது எழுபது வயதாகிறது.