குபேரர்கள் கைதட்டிய கேலி

"உலகத்தை உய்விக்கப் போகிறோம்!" என்று முழங்குகிறான், மேடையேறிய இளைஞன். எதனால் உய்விக்கப் போகிறான்? கணிப்பொறிகள் தமக்குள் ஒத்துப்போவதற்கு அவன் வகுத்த ஒரு கணக்கினால்! அவன் இறங்குகிறான், அடுத்தவன் ஏறுகிறான். அவனும் உலகத்தை உய்விக்கவே வந்திருக்கிறான். மூன்றாமவனும் அப்படியே. நான்காமவனுக்கும் உலகத்தின்மீது அதே கருணை. உலகம் என்ன பாவம் செய்ததோ, ஒரே மேடையில் அதற்கு இத்தனை இரட்சகர்கள்!

அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி, 2014 ஏப்ரல் முதல் 2019 டிசம்பர் வரை ஆறு பருவங்களில் 53 பகுதிகளாக ஒளிபரப்பிய 'சிலிக்கான் வேலி' என்னும் நகைச்சுவைத் தொடரில் வரும் காட்சி இது. மைக் ஜட்ஜ், ஜான் ஆல்ட்ஷுலர், டேவ் கிரின்ஸ்கி என்னும் மூவர் படைத்தது. கலிபோர்னியாவின் கணிப்பொறிப் பள்ளத்தாக்கிலே, கூச்சமே உருவான ரிச்சர்ட் ஹென்ட்ரிக்ஸ் என்னும் இளைஞன், பெரிய கோப்புகளைத் தரம் கெடாமல் சுருக்கும் புதுமுறை ஒன்றைக் காண்கிறான். 'பைட் பைப்பர்' என்று ஒரு சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் என்று அங்கே வழங்குவது, தொடங்குகிறான். 'ஹூலி' என்னும் மலைவிழுங்கி நிறுவனமும் அதன் அதிபர் கேவின் பெல்சனும் அவனையும் விழுங்கத் துரத்துகின்றனர். கதை இவ்வளவே.

கதை முடிந்து ஆண்டுகள் பல ஆயின. ஆயினும் அதனைப் பற்றிய பேச்சு முடியவில்லை. மென்பொருள் எழுதும் இளைஞர் கூடுமிடமெல்லாம் அத்தொடரின் பாத்திரங்கள் நினைவுகூரப்படுகின்றனர். தினேஷும் கில்ஃபாயிலும் ஓயாமல் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் காட்சிகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றனர். எர்லிக் பாக்மன் நான்காம் பருவத்தோடு நீங்கியபின் சுவை குன்றிற்றா இல்லையா என்று வழக்காடுகின்றனர். ஜியான் யாங் என்னும் சீன இளைஞனின் பாத்திரம் சீனரை இழிவுபடுத்துகிறதா, அல்லது அவரை ஏமாளி என்று எண்ணும் வெள்ளையரை ஏமாளியாக்குகிறதா என்றும் கேட்கின்றனர். நல்ல கேள்விதான். ஆனால் எந்தப் பேச்சும் இறுதியில் சென்று சேரும் புகழுரை ஒன்று உண்டு: "இது நாடகமன்று, உள்ளதை உள்ளவாறே காட்டும் ஆவணம்!"

இந்தப் புகழுரையைத்தான் நாம் உரசிப் பார்க்க விரும்புகிறோம்.

உள்ளதை உள்ளவாறு காட்ட அவர்கள் பட்ட பாட்டை மறுப்பதற்கில்லை. சுருக்குமுறையின் திறனை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமென்று கேட்டபோது, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் சாக்கி வைஸ்மன் அதனை வகுத்தளித்தார்; 'வைஸ்மன் மதிப்பெண்' என்று அது பெயர்பெற்றது. ட்விட்டர் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் டிக் காஸ்டோலோ ஆலோசனை கூறினார். முதற்பருவத்தின் இறுதியில், நாம் எழுதக் கூசும் ஒரு பொருளைப் பற்றி நண்பர்கள் போடும் கணக்கிலிருந்து மாபெரும் கண்டுபிடிப்புப் பிறக்கிறதே, அந்தக் கணக்கிற்கும் முறையான ஆய்வுக்கட்டுரை எழுதி வைத்தனர்! வேடிக்கைக்கும் விடை சரியாக இருக்கவேண்டும் என்னும் அந்தப் பிடிவாதத்தைப் பாராட்டுகிறோம்.

மாநாட்டுக் காட்சியில் பார்வையாளர் கூட்டத்தில் பெண்கள் அரிதாக இருக்கின்றனரே என்று சிலர் குறைகூறினர். உண்மையான மாநாட்டிலேயே எடுத்த படம் அது என்று விடை வந்தது. குற்றம் நாடகத்தினுடையதன்று, நாட்டினுடையது என்று பொருள். விடை சரி. ஆனால், கூட்டத்தின் படத்தை மெய்யாக எடுத்தவர்கள், அந்தக் கூட்டத்தின் வாயிற்கதவு பெண்ணுக்கு ஏன் திறக்கவில்லை என்பதை எத்தனை பகுதிகளில் கதையாக்கினர்? இரண்டாம் பருவத்தில் கார்லா என்னும் பொறியாளர் வருகிறாள், சுருக்கென்று பேசுகிறாள், விரைவில் மறைகிறாள். நிழற்படம் உண்மை பேசும். சட்டத்துக்கு வெளியே நிற்பதைப் பேசாது.

இனி, இத்தொடரைக் கண்டு யார் யார் மகிழ்ந்தனர் என்று பார்ப்போம். கேலிக்கு ஆளானவரே கைதட்டினர் என்பதுதான் நமக்கு வியப்பு. உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான பில் கேட்ஸ், தமக்கு இத்தொடர் மிகவும் பிடிக்கும் என்று 2018இல் எழுதினார். தம்மைக் கேலி செய்கிறது என்று பார்க்க மறுக்கும் நண்பர்களிடம், நமக்குத் தகுந்த அளவுக்கு மேல் கேலி செய்துவிடவில்லை, பாருங்கள் என்று தாம் சொல்வதாகவும் எழுதினார். அதனோடு நின்றாரா? 2019இல் இறுதிப் பகுதியில் பில் கேட்ஸாகவே தோன்றி நடித்தும் கொடுத்தார்! அரசவையில் விதூடகன் ஆடுகிறான். அரசன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். பிறகு அவனே எழுந்து வந்து விதூடகனோடு இரண்டடி ஆடுகிறான். அவையோர் "ஆகா, என்ன பெருந்தன்மை!" என்கின்றனர். வரி குறைந்ததா என்று கேட்பார் இல்லை.

இன்னொரு செய்தி அதனினும் சுவையானது. தொடரின் எழுத்தாளருள் ஒருவரான கிளே டார்வர், 2016இல் கூறியது: பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் விளம்பரத் துறையினர், உலகத்தை மேலான இடமாக்குகிறோம் என்று இனிச் சொல்லாதீர்கள் என்று தம் ஊழியருக்குக் கட்டளையிட்டுவிட்டதாகத் தமக்குச் சொன்னார்களாம். காரணம், அச்சொற்றொடரை இத்தொடர் அவ்வளவு நையாண்டி செய்துவிட்டது. ரசிகர்கள் இதனைப் பெருவெற்றியாகப் போற்றுகின்றனர். நாடகமேடையைச் சீர்திருத்தக் கருவியாகக் கொண்டவர் வழிவந்த நாம் சற்றே நிதானிக்கிறோம். நின்றது சொல்; செயலா? கட்டளையிட்டவர் யார்? விளம்பரத் துறையினர்! நாற்றம் வெளியே தெரிகிறது என்றதும் குப்பையை அகற்றாமல் சாளரத்தைச் சாத்துவது அத்துறையினரின் தொழில்.

அப்படியானால் இத்தொடரின் கேலி முழுதும் பயனற்றதா என்றால், இல்லை. பயனுள்ள இடம் வேறு. ரசிகர் கொண்டாடும் இடம் வேறு.

இரண்டாம் பருவத்தைப் பாருங்கள். ரிச்சர்டின் கண்டுபிடிப்பு எங்களுடையதே என்று ஹூலி வழக்கிடுகிறது. ஏன்? அவன் அங்கே ஊழியனாக இருந்தபோது, ஒரே ஒரு முறை, நிறுவனத்தின் கணிப்பொறியில் அதனைச் சோதித்துப் பார்த்தான்! மூளை அவனுடையது, இரவு அவனுடையது, விழித்திருந்த கண் அவனுடையது, ஆனால் பொறி முதலாளியுடையது. ஆகவே எண்ணமும் முதலாளிக்கே சொந்தமாம்! விசாரணையில் அவனைக் கேட்கின்றனர். பொய் சொன்னால் தப்பலாம். உண்மையைச் சொல்லிவிடுகிறான். தோற்றான் என்றே எண்ணுகிறோம். அப்போது, ஹூலியின் ஒப்பந்தத்திலே ஊழியரின் வேலைச் சுதந்திரத்தைக் கட்டிப்போடும், சட்டத்துக்குப் புறம்பான நிபந்தனை ஒன்று புகுந்திருப்பதால் ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு வருகிறது. கற்பனையென்று ஒதுக்குவதற்கில்லை. ஒருவர் ஊழியரை மற்றவர் அழைத்துக்கொள்வதில்லை என்று தமக்குள் இரகசியமாக உடன்படிக்கை செய்து ஊதியத்தை அமுக்கினர் என்னும் வழக்கில், ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி ஆகிய நிறுவனங்கள் ஏறத்தாழ 64,000 ஊழியருக்காக 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதும், நீதிமன்றம் அதனை ஏற்றதும் இப்பருவம் ஒளிபரப்பான அதே 2015ஆம் ஆண்டில்தான்.

இங்கே கேலி தோலைத் தடவவில்லை, நரம்பைத் தொடுகிறது. அதே பருவத்தில் ரஸ் ஹான்னமன் என்னும் பணக்காரன் உபதேசிக்கும் பொருளாதாரமும் அத்தகையதே: வருமானம் காட்டாதே! காட்டினால் எவ்வளவு என்பார்கள். எவ்வளவு சொன்னாலும் போதாது என்பார்கள். வருமானமே இல்லையென்றால், நாளை எவ்வளவும் வரலாம் என்று மதிப்பு ஏறும்! இதைக் கேட்டு ரசிகர்கள் சிரித்ததும் நியாயமே. ஆனால் அவர்கள் பேச்சில் மிகுந்து நிற்பது இதுவா? உணவுப் படத்தைக் காட்டினால் ஹாட்டாக், ஹாட்டாக் அல்ல என்று மட்டும் சொல்லும் ஜியான் யாங்கின் செயலி, மெய்யாகவே வெளியிடப்பட்டதே, அதுதான்! ஒப்பந்தத் தாள் சிரிப்பாணி குறைந்தது போலும்.

பகுத்தறிவாளர் தனித்துக் காணவேண்டிய பகுதி ஒன்று உண்டு. கேவின் பெல்சனுக்கு ஓர் ஆன்மிக குரு! டென்பாக் என்று பெயர். முதற்பகுதியிலேயே, பெல்சன் சாளரம் வழியே கீழே நிற்கும் ஊழியரைப் பார்த்து, இவர்கள் எப்போதும் ஐவர் ஐவராகத்தான் திரிகின்றனர்; ஓர் ஒல்லியான நெட்டை வெள்ளையன், ஓர் ஒல்லியான குட்டை ஆசியன், குடுமி வைத்த ஒரு பருமன், விசித்திரத் தாடிக்காரன் ஒருவன், ஓர் இந்தியன் என்று பறவைக் கூட்டத்தை எண்ணுவதுபோல் எண்ணுகிறான். குரு என்ன செய்கிறார்? மனித குலத்தை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறீர்கள் என்று மெய்சிலிர்க்கிறார்! காவியும் கமண்டலமும் எங்கே சென்றாலும் முதலில் தேடுவது தலைவாயிலைத்தான் போலும்.

நான்காம் பருவத்தில் முதுமையை வெல்ல, வாடகைக்கு அமர்த்திய ஓர் இளைஞனின் இரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொள்கிறான் பெல்சன். மிகை என்றா எண்ணுகிறோம்? இளையோரின் இரத்த நீர்மத்தை ஒரு லிட்டர் 8,000 டாலருக்கு ஏற்றிவந்தது 'அம்புரோசியா' என்னும் மெய்யான நிறுவனம். அதற்கு மெய்ப்பிக்கப்பட்ட பயனில்லை, தீங்கு நேரலாம் என்று 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்த பிறகே நிறுத்திற்று. ஐந்தாம் பருவத்தில், தான் கிறித்தவன் என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சும் ஒருவன் வருகிறான். அந்தப் பள்ளத்தாக்கில் கடவுள் நம்பிக்கைதான் மானக்கேடாம்! நம் தோழர்களும் இதனைக் கண்டு உவகை கொள்வர். கொள்ளட்டும். ஆனால் பழைய கடவுளை வெளியேற்றிய அதே மாளிகையில்தான் குருவும் இளங்குருதியும் குடியேறின என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். கோயில் இல்லாமலே மூடநம்பிக்கை செழிக்கும், மடியில் கனமிருந்தால்.

எல்லாவற்றினும் நம் நெஞ்சில் தைத்தது மூன்றாம் பருவத்தின் ஒரு காட்சி. ரிச்சர்டின் செயலியை ஐந்து இலட்சம் பேர் பதிவிறக்கினர். நாள்தோறும் பயன்படுத்துவோர் 19,000 பேர்தாம். முன்னோட்டமாக அவன் அதனைக் கொடுத்துப் பார்த்ததெல்லாம் தன்போன்ற பொறியாளரிடம். பொதுமக்களுக்கோ அது விளங்கவில்லை! மக்களிடம் செல்லாதவன் தோல்வி அது. நிறுவனம் சாயும் நிலையில், நல்லவனான ஜேரட் யாருமறியாமல் போலிப் பயனாளரை விலைக்கு வாங்குகிறான். கணக்குக்கோடு மேலே ஏறுகிறது, எல்லோரும் துள்ளுகின்றனர். அப்போது காட்சி மாறுகிறது. வங்கதேசம். ஒரு கூடம். கணிப்பொறிகளின் முன் வரிசை வரிசையாக மனிதர்கள் அமர்ந்து, அந்தப் போலி எண்ணிக்கையைச் சொடுக்கிச் சொடுக்கி உண்டாக்கிக்கொண்டிருக்கின்றனர்.

சில நொடிகள், அவ்வளவுதான். ரசிகர்கள் அதனைக் கதையின் திருப்பமென்று வியக்கின்றனர். இனி ஜேரட் என்ன ஆவான், ரிச்சர்ட் முதலீட்டாளரிடம் உண்மையைச் சொல்வானா என்று துடிக்கின்றனர். அந்தக் கூடத்தில் இருப்பவர் யார்? ஒரு சொடுக்குக்கு என்ன கூலி? பெயர் உண்டா அவர்களுக்கு? நாடகம் சொல்லவில்லை, ரசிகரும் கேட்கவில்லை. கேமரா அங்கே மேலும் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், 53 பகுதிகளின் கேலியையும் விஞ்சியிருக்கும். ஆயினும் ஒன்று சொல்வோம்: காட்டவேனும் காட்டினார்களே!

காட்டாமலே விட்டதும் ஒன்றுண்டு. பெல்சன் எண்ணிய ஐவரில் ஐந்தாமவன், "ஓர் இந்தியன்" என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறான். அந்தச் சொல்லுக்குள் எத்தனை படிக்கட்டு! சான் ஓசேயில் தலைமையகம் கொண்ட சிஸ்கோ நிறுவனத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பொறியாளர் ஒருவரை மேல்சாதி மேலாளர் இருவர் சாதி கருதி ஒதுக்கினர், இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவரென்று பிறரறியச் சொல்லினர் என்று குற்றஞ்சாட்டிக் கலிபோர்னிய அரசுத் துறை 2020 ஜூனில் வழக்குத் தொடுத்தது. நிறுவனம் மறுத்தது. தனிமனிதர் இருவர்மீதான வழக்கைத் துறை 2023இல் கைவிட்டது; நிறுவனத்தின்மீதான வழக்கை அப்போது கைவிடவில்லை. அதே 2023இல் சியாட்டில் நகரமன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய அத்தகைய மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் நியூசம் அக்டோபரில் மறுத்து அனுப்பினார். சிஸ்கோ வழக்கு வருமுன்பே தொடர் முடிந்துவிட்டது என்பர். உண்மை. ஆனால் வழக்கில் கூறப்படும் நிகழ்ச்சிகள் தொடர் ஓடிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. அமெரிக்க எழுத்தாளருக்குப் பூணூல் தெரியாமலிருக்கலாம், மன்னிப்போம். நம் நாட்டிலிருந்து சென்று அங்கே அமர்ந்து, "அப்படியே எங்கள் அலுவலகம்!" என்று கைகொட்டிச் சிரிக்கும் நம்மவருக்குமா தெரியாது?

இறுதிப் பகுதிக்கு வருவோம். ரிச்சர்டும் நண்பரும் படைத்த அமைப்பு, உலகின் எல்லாப் பூட்டுகளையும் உடைக்கும் ஆற்றல் பெற்றுவிட்டதென உணர்ந்து, தம் படைப்பைத் தாமே பாழாக்குகின்றனர். கோடிகள் போயின. பத்தாண்டு கழித்து அவர்களைத் தேடிச் சென்று காண்பதாகக் காட்சி. இந்த முடிவு நிறைவா குறையா என்று ரசிகர் இன்றும் இரு கட்சி. பத்தாண்டுக்குப் பின் ரிச்சர்ட் ஸ்டான்போர்டில் ஆசிரியன். தொழில்நுட்ப அறநெறி கற்பிக்கிறான். அந்தப் பதவியின் முழுப்பெயரைத் தொடர் ஒரு நொடி சொல்லிவிட்டு நகர்கிறது: "கேவின் பெல்சன் அறநெறிப் பேராசிரியர்". எவனால் வேட்டையாடப்பட்டானோ, அவன் பெயர் பொறித்த நாற்காலியில் அமர்ந்து அறம் போதிக்கிறான். ரசிகர் பேச்சில் எலிகளுக்குக் கிடைத்த இடம்கூட இந்த நாற்காலிக்குக் கிடைக்கவில்லை.