ஒரு பவுண்டு காற்றின் நயம்

லோட்டஸ் செவன் காரை ரசிப்பவர்கள் அதன் நீண்ட மூக்கையும், உடலை விட்டு வெளியே நிற்கும் முன்சக்கரங்களையும், கூரையில்லாத இருக்கைகளையும் சொல்வார்கள். நான் முதலில் சொல்வது அதன் டயருக்குள் இருக்கும் காற்றை. சாதாரணக் கார்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 பவுண்டு வரை காற்று அடிக்கிறோம். செவன் வைத்திருப்பவர்களோ 20 பவுண்டை ஒட்டி நின்றுகொண்டு, ஒன்று கூட்டலாமா, ஒன்று குறைக்கலாமா என்று பார்ப்பார்கள். அந்த ஒன்றில்தான் அத்தனை நயமும் இருக்கிறது.

1957-ல் காலின் சாப்மன் இங்கிலாந்தில் இந்தக் காரைக் கொண்டுவந்தபோது, எடையைக் கழிப்பதையே ஒரு கலையாகச் செய்தார். மெல்லிய எஃகுக் குழாய்களால் சட்டகம், அதன்மேல் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். முழுமையாகக் கட்டிய காருக்கு அந்நாளில் அங்கே கொள்முதல் வரி உண்டு; உதிரிகளாக வாங்கினால் இல்லை. அதனால் பலர் உதிரிகளை வாங்கி, தங்கள் கொட்டகையிலேயே காரைப் பூட்டிக்கொண்டார்கள். 1973-ல் கேட்டர்ஹாம் நிறுவனம் உரிமையைப் பெற்று அதே மரபைத் தொடர்ந்தது. எடையும் 500 கிலோவுக்கு முன்பின்னாகவே இருந்துவருகிறது.

இந்த எடையிலிருந்துதான் காற்றின் கணக்கு தொடங்குகிறது. ஓட்டுபவரையும் சேர்த்தால் ஒரு சக்கரத்தின் மேல் சுமார் 145 கிலோ விழுகிறது. டயர் தரையைத் தொடும் பரப்பு, ஏறத்தாழ, எடையை அழுத்தத்தால் வகுத்தால் வருவது. 32 பவுண்டு அடித்தால் அது 65 சதுர சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். 20 பவுண்டுக்கு இறக்கினால் 100-ஐத் தாண்டும். டயரின் சொந்த விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்குவதால் உண்மை அளவு இதிலிருந்து சற்று விலகும், போக்கு மாறாது. எதையும் மாற்றிப் பூட்டாமல், வால்வை அழுத்திக் காற்றை விட்டதிலேயே பாதிக்கு மேல் கூடுதலான ரப்பர் சாலையோடு சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. டயரும் ஒரு ஸ்பிரிங்தான். கனமான காரில் சஸ்பென்ஷன் பேசும் பேச்சில் டயரின் குரல் அமுங்கிப் போகும். இலேசான காரில் மொத்த எடையில் சக்கரத்தின் பங்கு கூடுதல். அங்கே டயர் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது இடுப்பெலும்பு வரை தெரியும். காற்று மிகுந்தால் கார் சிறு மேடுகளைத் தொட்டுத் தொட்டுத் துள்ளும்; துள்ளும் நேரத்தில் பிடிப்பு இருக்காது. மிகக் குறைந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் மூக்கு திரும்புவதற்கும் நடுவே ஒரு தயக்கம் புகும். வளைவில் டயரின் ஓரம் மடங்கும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை ஒரு சிட்டிகை கூட்டியும் வழித்தும் நாதத்தைச் சேர்ப்பதுபோல, இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைத் தேட வேண்டும். 32-ல் ஒரு பவுண்டு என்பது நூற்றில் மூன்று; 20-ல் அது ஐந்து. கைக்கு அந்த வித்தியாசம் தெரிகிறது.

வெப்பமும் இதில் கலந்துகொள்கிறது. டயருக்குள் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் ஒரு பவுண்டுக்குச் சற்று மேலே ஏறும். காலையில் ஆறியிருக்கும்போது 18 வைத்த டயர், 20 டிகிரி சூடேறியதும் 20-ஐத் தாண்டி நிற்கும். ஆகவே எந்த எண்ணைச் சொன்னாலும், ஆறியபோதா சூட்டிலா என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். இலேசான கார் டயரை அதிகம் பிசைவதில்லை. ரப்பர் தானாகச் சூடாவதும் குறைவு. காற்றைக் குறைத்தால் டயர் இன்னும் சற்று நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவில் பிறக்கும் இளஞ்சூட்டில் ரப்பர் இளகிச் சாலையைப் பற்றும்.

சரியான அளவை டயரே சொல்லும். அதன் முகத்தில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு இழுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுவார்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் அழிந்து நடு நின்றால் குறைவு. பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் ஊசி வெப்பமானியால் உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடத்திலும் சூடு பார்ப்பார்கள். சக்கரங்களை மேற்புறம் சற்று உள்ளே சாய்த்து வைத்திருந்தால் உள்ளோரம் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். அதைக் கழித்துப் படிக்கத் தெரிவதுதான் தேர்ச்சி.

பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள உறவு. வளைவில் பின்பக்கம் வழுக்கினால், பின்டயரில் ஒரு பவுண்டைக் குறைத்துச் சோதிப்பார்கள். பக்கத்தில் ஒருவர் ஏறினால் காரின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடிவிடும். அதற்கும் ஒரு கணக்கு வேண்டும்.

மழை மட்டும் எதிர்வழக்கு பேசுகிறது. தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு ஏறும் என்று நாசாவின் ஆய்வு காட்டியது. விமான டயர்களுக்காக எழுந்த அந்தச் சூத்திரப்படி 32 பவுண்டில் மணிக்கு 94 கிலோமீட்டர், 20-ல் 74. கார் டயருக்கு எண்கள் மாறலாம். ஆனால் உலர்சாலையில் இனித்த அழுத்தம் நனைந்த சாலையில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது.

தயாரிப்பாளர் தரும் எண் ஒரு தொடக்கம். அதன் பிறகு, எந்த டயர், எந்த எஞ்சின், எந்தச் சாலை, ஓட்டுபவரின் உடல் எடை என்ன என்பவை ஒவ்வொரு செவனிலும் வேறு. காரைத் தானே பூட்டியவர் கடைசியாகச் செய்யும் வேலை இது. ஒருநாளும் முழுதாக முடியாத வேலையும் இதுவே. செலவில்லாமல், ஒரு கேஜும் பொறுமையும் மட்டும் வைத்துக்கொண்டு, தன் காரைத் தனக்கே உரியதாக்கிக்கொள்ள இதைவிட நேர்த்தியான வழி எனக்குத் தெரிந்து இல்லை.