செங்கற்பட்டுச் சோதனை: கேட்டதும் கேட்காததும்

காசநோய்க்குத் தடுப்பூசி எது என்று கேட்டால், அச்சரப்பாக்கத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளை தயங்காமல் ‘பிசிஜி’ என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடும். அந்த விடையை உலக அளவில் ஆட்டம் காணவைத்த ஆய்வு தன் மாவட்டத்தின் பெயரைத் தாங்கியது என்பது அதற்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பாடநூல் விடையைத் தருகிறதே தவிர, விடை எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை.

பிசிஜியைப் பற்றி அந்த ஆய்வுக்கு முன் முரணான செய்திகளே இருந்தன. பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதினரிடம் 80 விழுக்காடு அளவுக்குப் பலன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இங்கோ 1948 முதல் கிண்டியில் தயாரித்து ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1955-இல் ராஜாஜி அதை எதிர்த்துத் தனி நூலே வெளியிட்டார். அவருடைய அறிவியல் வாதங்கள் எல்லாம் தேறக்கூடியவை அல்ல. ஆனால் ‘நம் மக்களிடம் சோதித்தீர்களா?’ என்ற கேள்வி எழவேண்டியதுதான்.

1968-இல் அதற்கு முறையாக விடை தேடினார்கள். உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் துணைநிற்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் பக்கத்து ஊர்களில் இறங்கியது. (அவை 1997-இல் தனி மாவட்டமாகிவிட்டன, மருத்துவ நூல்களில் இன்றும் செங்கற்பட்டுதான்.) களத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,60,000. சிலருக்கு முழு அளவு மருந்து, சிலருக்குப் பத்தில் ஒரு பங்கு, மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 ஆண்டுகள் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையுமாகப் பின்தொடர்ந்தார்கள்.

நுரையீரல் காசநோயைப் பொறுத்தவரை பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவுமில்லை என்றது முடிவு. குழந்தைகளிடம் 27 விழுக்காடு. அதுவும் புள்ளியியல்படி உறுதியானதல்ல. கோடிக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டிருந்த அரசின் ஆராய்ச்சி நிறுவனமே தன் திட்டத்துக்குச் சங்கடமான இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டது. கட்டுப்பாட்டுச் சோதனை என்ற முறையின் நேர்மை இதுதான். நம் பொதுவாழ்வில் இது அடிக்கடி காணக்கிடைக்காத குணம்.

ஆனால் அந்த முறை கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அளக்க இந்த ஆய்வு அமைக்கப்படவில்லை. பிசிஜியின் உண்மையான பயன் அங்கேதான் என்று மற்ற ஆய்வுகள் காட்டின. பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுவதற்குக் காரணம் அதுதான். இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் ‘செங்கற்பட்டில் பிசிஜி தோற்றது’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் ஊகங்களே உண்டு: மண்ணிலும் நீரிலும் வாழும் காசக் கிருமியின் உறவினங்கள் மக்கள் உடலை ஏற்கெனவே பழக்கியிருந்ததால் ஊசி புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை என்பது அவற்றில் வலுவானது.

ஊசி போட்டுக்கொண்டவர்களின் ஒப்புதல் விஷயம் இன்னும் உறுத்துகிறது. மனிதரிடம் செய்யும் ஆய்வுகளுக்கான நெறிக்கொள்கையை அதே கழகம் வெளியிட்டது 1980-இல்; அதற்குள் இங்கே ஊசி போட்டு முடித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மருந்தில்லா ஊசி பெற்றவர்கள் பெரிதாக எதையும் இழக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது உண்மைதான். அது முடிவு தந்த ஆறுதல்; முன்கூட்டி அவர்களுக்கு அளித்த உத்தரவாதம் அல்ல.

2024-இல் பெரியவர்களுக்கு பிசிஜி போடும் ஆய்வு தமிழ்நாட்டிலும் தொடங்கியது. முதியோர், நீரிழிவு உள்ளவர்கள், நோயாளியுடன் வசிப்பவர்கள் போன்றோருக்கு. கேள்வி வேறு, மக்களும் வேறு என்பதால் மறுபடி சோதிப்பதில் தவறில்லை. எனக்குப் புரியாதது வேறொன்று. ஊசியை இத்தனை முறை சோதித்தோம், சோற்றை? நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்தால் அவர்களிடம் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைகிறது என்று ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு காட்டியது. அது வெளிவந்த ஆண்டு 2023.