தானியத்தில் நஞ்சு தேடுபவர்கள்

வில்லியம் டேவிஸ் எழுதிய 'வீட் பெல்லி' 2011இல் வெளிவந்தது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து இதய மருத்துவர் அவர். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. இரண்டு வருடம் கழித்து டேவிட் பெர்ல்மட்டரின் 'கிரெய்ன் பிரெய்ன்' வந்தது. அதே 2013இல், குளூட்டனை விட்டதால்தான் தன் ஆட்டம் மாறியது என்று டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சும் ஒரு புத்தகம் போட்டார். இந்த மூன்றையும் படிக்காதவர்கள்கூட இன்று இவற்றின் வாக்கியங்களைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செராஸில் நான் போகும் ஜிம்மில் "கோதுமைய நிறுத்து, தொப்ப தானா எறங்கும்" என்று சொல்லாத ஆளில்லை. பேரங்காடியில் 'குளூட்டன் இல்லை' என்று அச்சடித்த பிஸ்கட் பாக்கெட், பக்கத்தில் இருக்கும் சாதா பிஸ்கட்டைவிடப் பல மடங்கு விலை.

இலக்கிய இதழில் இது எதற்கு என்று கேட்கலாம். உணவு பற்றிய எழுத்தும் எழுத்துதான். அதிலும் ஒரு கதைசொல்லி இருக்கிறார், வில்லன் இருக்கிறான், இழந்துபோன ஒரு பொற்காலம் இருக்கிறது. நாவலை வாசிக்கும்போது கதைசொல்லியைச் சந்தேகிக்கத் தெரிந்த நாம், சாப்பாட்டுப் புத்தகம் என்றதும் அப்படியே நம்பிவிடுகிறோம். 'வீட் பெல்லி'யை ஒரு பிரதியாக வாசித்துப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் உள்ள புரதம். மாமாக் கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி விசிறி, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு இழுத்தும் அது கிழியாமல் இருக்கிறதே, அந்த இழுவை குளூட்டனின் வேலை. அரிசி மாவில் அதைச் செய்ய முடியாது.

சிலருக்கு இந்தப் புரதம் உண்மையாகவே ஆபத்து. சீலியாக் நோய் உள்ளவர் கோதுமை சாப்பிட்டால், அவருடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற பகுதி தேய்ந்துபோகும். வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு, எலும்புத் தேய்வு வரலாம். சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. எவ்வளவு இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தசோகை மட்டும் போகாது. இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனை ஒதுக்குவதுதான் சிகிச்சை.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லெம் காரல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். கோதுமை மேல் அவருக்கு ஏற்கனவே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனபோது, இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. 1950இல் தன் ஆய்வேட்டில் இதை நிறுவினார்.

அதே வருடங்களில் மலாயாவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நமக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிழங்கிலும் குளூட்டன் கிடையாது. அதனால் நம் ஆட்கள் யாரும் ஆரோக்கியமாகிவிடவில்லை, சத்தில்லாமல் வீங்கிச் செத்தார்கள். ஒரு நோயாளிக்கு மருந்தாக இருப்பது எல்லாருக்கும் ஆரோக்கியமாகிவிடாது. டேவிஸ் போன்றவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

*

டேவிஸின் வாதம் சுருக்கமாக இப்படி. நாம் இன்று சாப்பிடுவது பழைய கோதுமை இல்லை. பசுமைப் புரட்சி உருவாக்கிய குட்டை ரகக் கோதுமை. அதன் புரதம் மாறிவிட்டது. அது பசியைத் தூண்டுகிறது, போதைப்பொருள் மாதிரி அடிமையாக்குகிறது, சர்க்கரையை ஏற்றுகிறது, தொப்பையைப் போடுகிறது. தன்னிடம் வந்த நோயாளிகளைக் கோதுமையை விடச் சொன்னார். எடையும் சர்க்கரையும் குறைந்தன. ஆகவே குற்றவாளி கோதுமை.

எழுத்தாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான புத்தகம். நகைச்சுவை இருக்கிறது, நோயாளிகளின் குட்டிக் கதைகள் இருக்கின்றன, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு உறுப்பை எடுத்துக்கொண்டு கோதுமையைக் கூண்டில் ஏற்றுகிறது. நேர்மையான ஒரு இடமும் உண்டு. அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு போட்டுச் செய்த 'குளூட்டன் இல்லாத' பிஸ்கட்டும் ரொட்டியும் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும், வாங்காதீர்கள் என்று அவரே எச்சரிக்கிறார். அவருடைய புத்தகத்தின் அலையில் விற்பனையான பாக்கெட்டுகளை அவரே நிராகரித்திருக்கிறார். அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

ஆனால் வாதத்தின் அஸ்திவாரம் ஆட்டம் காண்கிறது. அமெரிக்க விவசாயத் துறையின் டொனால்ட் கசார்டா 2013இல் பழைய தரவுகளைத் தொகுத்துப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டில் கோதுமையின் குளூட்டன் அளவு கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். குட்டை ரகம்தான் பாவம் என்றால், 1966இல் வந்த ஐஆர் 8 நெல்லும் குட்டை ரகம்தானே? அதே புரட்சியில் பிறந்த சோற்றைப் பற்றி யாரும் இப்படிப் புத்தகம் எழுதக் காணோம்.

இன்னொரு ஓட்டை, எங்களைப் போன்ற பொறியியல் ஆட்களை உறுத்துவது. ஒரு சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தைத்தான் மாற்றணும். கோதுமையை விடு என்றால் அதோடு கேக் போகிறது, பீட்சா போகிறது, பர்கர் போகிறது, ராத்திரி பதினோரு மணி ரொட்டி திசு போகிறது. கோதுமை மாவோடு வந்த எண்ணெயும் சீனியும் கெட்டிப்பாலும் சேர்ந்தே போகின்றன. எடை குறையத்தான் செய்யும். குறைத்தது குளூட்டன்தான் என்று எப்படிச் சொல்வது? ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு டேவிஸிடம் இல்லை.

அப்படி ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில், சீலியாக் இல்லாமலே 'குளூட்டன் எனக்கு ஒத்துக்கல' என்று நம்பிய 37 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2013இல் முடிவு வெளியானது. குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் சில மாவுச்சத்துகளை முதலில் எல்லாருக்கும் நிறுத்தினார்கள். எல்லாருக்கும் வயிறு லேசானது. பிறகு அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டனைக் கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்தார்கள். குளூட்டனால் மட்டும் பாதிப்பு என்று சொல்லத்தக்கவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 2018இல் நார்வே ஆய்வு ஒன்று 59 பேரிடம் நடந்தது. அவர்களைத் தொந்தரவு செய்தது குளூட்டனைவிட ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து என்றது. அது கோதுமையில் மட்டுமல்ல, வெங்காயத்திலும் பூண்டிலும் உண்டு. ரொட்டி சானாயை விட்டுவிட்டு, சின்ன வெங்காயம் போட்ட சாம்பாரில் தோசையை முக்கிச் சாப்பிட்டும் ஏன் வயிறு உப்புகிறது என்று குழம்புகிறவர்களுக்கு இது உதவும்.

*

டேவிஸுக்கு நூறு வருடம் முன்பே நம் கோலாலம்பூரில் ஒரு தானியம் கூண்டில் ஏற்றப்பட்டது. அது அரிசி.

அன்று பெரிபெரி நோய் மலாயாவை ஆட்டிப்படைத்தது. கால் மரத்து, உடம்பு வீங்கி, இதயம் நின்று சாவார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனத் தொழிலாளிகள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தோட்டங்களில் புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு இந்த நோய் அவ்வளவாக வரவில்லை. காரணம் இனமா, இடமா, அரிசியா?

1905 டிசம்பரில் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண் கொடுத்தார். ஒற்றைப்படைக்காரர்கள் ஒரு கட்டடம், இரட்டைப்படைக்காரர்கள் இன்னொன்று. ஒரு பக்கம் தீட்டிய பச்சரிசி, மறுபக்கம் புழுங்கல். பாதி வருடத்தில் இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றிப் போட்டார், குற்றம் இடத்திலா சோற்றிலா என்று பிரிக்க. புழுங்கல் சாப்பிட்டவர்களில் பெரிபெரியால் ஒருவரும் சாகவில்லை. பச்சரிசி சாப்பிட்டவர்களில் 18 பேர் செத்தார்கள். 1907இல் இது லான்செட் இதழில் வந்தது. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நம் ஊரின் அறிவியல் வரலாறு அவர்கள் மேல் ஏறி நின்றுதான் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே சொல்லணும்.

அடுத்து நடந்ததுதான் நம் விவாதத்துக்கு முக்கியம். நெகிரி செம்பிலானில் பணிபுரிந்த லெனார்ட் பிரடன், 1907இல் பெரிபெரி பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். குற்றவாளி அரிசிதான் என்று சரியாகவே சொன்னார். ஆனால் பழைய தீட்டிய அரிசியில் ஒரு நஞ்சு உருவாகிறது என்று நினைத்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் ஃப்ரேசரும் ஸ்டான்டனும் தொடர்ந்து சோதித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த விடை வேறு. அரிசியில் நஞ்சு எதுவும் இல்லை. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது, அது இல்லாததுதான் நோய். பின்னாளில் அதற்குத் தயமின், வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. புழுக்கும்போது அது உள்ளே இறங்கிவிடுவதால் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை.

உள்ளே இருக்கும் நஞ்சைத் தேடுவது நல்ல கதை. எது எடுக்கப்பட்டது, அதற்குப் பதில் எது வந்தது என்று கேட்பது அவ்வளவு சுவாரசியமில்லை. ஆனால் உயிரைக் காப்பாற்றியது இரண்டாவது கேள்வி. பிரடனாவது ஆயிரக்கணக்கான சாவுகளுக்கு நடுவே தேடினார். டேவிஸ் செய்வது அதே தேடலை விற்பனைக்கு வைப்பது.

*

இதற்கு ஒரு தமிழ்ப் பதிப்பும் உண்டு. பாட்டி காலத்தில் கோதுமை இல்லை, சிறுதானியம் சாப்பிட்டார்கள், சர்க்கரை நோயே இல்லை என்று தொடங்கும் கட்டுரைகள். கேழ்வரகும் தினையும் நல்ல உணவு, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மலேசியத் தமிழனுக்கு எந்தப் பாட்டி? என் பாட்டி தலைமுறையின் பசியாறல் தோட்டத்து வறக்கோப்பியும் கிழங்கும்தான். மலேரியாவும் கொக்கிப்புழுவும் இருந்த காலம் அது. தமிழ்நாட்டுப் பொற்காலத்தை அப்படியே கடன் வாங்கி இங்கே ஒட்ட முடியாது.

'நம்ம உடம்புக்குக் கோதுமை ஆகாது' என்ற வாதத்தையும் எண்களோடு வைத்துப் பார்க்கலாம். 2016இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் ஹரியானா, அசாம், வேலூர்ப் பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். வடக்கே 1.23 விழுக்காட்டினரின் ரத்தத்தில் சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தெற்கே 0.10. ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணு மூன்று இடத்திலும் மூன்றில் ஒருவரை ஒட்டியே இருந்தது. பெரிய வித்தியாசம் தட்டில்தான்: வடக்கே ஒருவர் நாளுக்குச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், தெற்கே 25 கிராம். நம் ரத்தம் வேறு என்பதற்கு இங்கே ஆதாரம் இல்லை. நாம் இங்கே காலையில் ரொட்டி, மதியம் மீ, மாலையில் பிஸ்கட் என்று வாழ்கிறோம். வேலூர்க் கணக்கை நமக்குப் பொருத்த முடியாது. 562 மலேசிய இளைஞர்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் 1.25 விழுக்காட்டினரின் ரத்தத்தில் சீலியாக்கைச் சுட்டும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. எதிர்ப்பொருள் இருப்பதே நோய் உறுதி என்றாகாது. ஆனாலும் இங்கே அப்படியொரு நோயே இல்லை என்று சொல்ல முடியாது.

நோய் இல்லாதவருக்குக் குளூட்டன் இல்லாத உணவு ஆரோக்கியமா? ஒரு லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்கர்களை 26 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2017இல் வந்தது. குளூட்டன் சாப்பிட்டதால் இதய நோய் கூடவில்லை. அதைத் தவிர்ப்பதற்காக முழுத் தானியத்தை விடுவதுதான் கேடாகலாம் என்றது. நம் வீட்டில் ஆட்டா சப்பாத்தியை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வருவது தினை இல்லை, இன்னொரு கரண்டி வெள்ளைச் சோறு. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோர் நூற்றுக்கு 31 பேருக்குச் சர்க்கரை நோய். இந்த நிலையில் சோற்றை விட்டுவிட்டுக் குளூட்டனைத் துரத்துவது, திருடனைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டுத் தெருவில் தேடுவதுதான்.

இந்த மோஸ்தரில் அடிபடுகிறவர்கள் உண்மையான நோயாளிகள். கடையில் 'குளூட்டன் இருக்கா' என்று கேட்டால் "டயட்டா அண்ணே?" என்று சிரிக்கிறார்கள். அவர்களுக்கோ துளியும் கூடாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கிச்சாப்பில் கோதுமை உண்டு. ரவா தோசையின் ரவை கோதுமைதான். தைப்பூச விரதத்தில் நாம் போட்டிபோட்டு வாங்கும் 'சைவ மட்டன்' பல நேரம் குளூட்டனையே உருட்டிச் செய்தது. இந்தப் பட்டியல் 'வீட் பெல்லி'யில் இருக்காது, தமிழிலும் யாரும் எழுதித் தருவதில்லை.

இன்னொன்று. சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்யணும். முதலில் நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ஜிம் அண்ணனின் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் கோதுமையை விட்ட ஒரு பெண்ணுக்கு, வருடக்கணக்காகத் தீராத ரத்தசோகையின் காரணம் அப்படியே மறைந்துபோக முடியும்.

'வீட் பெல்லி' மோசமாக எழுதப்பட்ட புத்தகம் இல்லை. அது கேட்கத் தவறிய கேள்விகளை 1905இல் இதே ஊரில், அதுவும் கொடூரமான ஒரு வழியில், கேட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் புகார். டேவிஸைத் தமிழில் மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார்கள். நமக்கு இப்போது வேண்டியது, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்து, சோற்றையும் சேர்த்து விசாரித்து, நம் சமையலறையிலிருந்து எழுதப்படும் ஒரு புத்தகம்.